ராணிக்கு ஒரு பெட்டிசம்

நீங்கள் நம்பினால் நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. மகாராணிக்கு நான் கடிதம் எழுதினனான். அவவின்ரை அரண்மனையிலையிருந்து எனக்குப் பதிலும் வந்தது. இதைச் சொன்னால் என்ரை பிள்ளையள் "ஷுவர், மா" எண்டிட்டுத் திரும்பி ஃபோனைப் பாக்குதுகள். உங்களுக்கெண்டாலும் சொல்லுவம். நீங்கள் என்னோடை ஒத்த ஆக்கள், ஸ்காபரோ பேஸ்மென்ருகளிலை வளந்த ஆக்கள், இப்ப படியேறினால் முழங்கால் நோகிற ஆக்கள். உங்களுக்கு விளங்கும்.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்பாவும் நானும் வெக்ஸ்போர்ட்டிலை ஒரு வீட்டின்ரை பேஸ்மென்ரிலை இருந்தனாங்கள். மேலை வீட்டுக்கார அன்ரி, மன்னார்ப் பக்கத்து வேதக்கார மனிசி. கீழை எங்களுக்குப் பக்கத்து அறையிலை கச்சேரி அங்கிள். ஊரிலை கச்சேரியிலை, அதுதான் அரசாங்க ஒஃபிசிலை, கிளாக்கரா இருந்தவர், இஞ்சை பிஸ்கற் ஃபக்டரியிலை வேலை. அவர் வேலையாலை வந்தால் பேஸ்மென்ற் முழுக்க வனிலா மணக்கும். அப்பா ரெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவினவர், அவர் வந்தால் பொரிச்ச எண்ணெய் மணக்கும். ரெண்டு பேரும் ஒண்டா வந்தால் எனக்குப் பசிக்கத் தொடங்கிடும்.

அம்மா கொழும்பிலை. எங்களை அனுப்பின ஏஜென்ற், ஒரு பெரிய ஆளுக்கும் ஒரு பிள்ளைக்கும்தான் வழியிருக்கெண்டு சொல்லிப்போட்டான். அம்மா அப்ப வயித்திலை பிள்ளையோடை. அவவைப் பெரியம்மா வீட்டிலை விட்டிட்டு வந்தனாங்கள். நாங்கள் ரொறன்ரோ வந்து கொஞ்ச மாசத்திலை தம்பி பிறந்தான். ஒரேயொரு போட்டோ வந்தது. அதிலையும் பாதி முகத்தைத் தொப்பி மறைச்சுப்போட்டுது, மிச்சம் ஒரு வாயும் நாடியும். அந்த வாயையும் நாடியையும் வைச்சு முழுத் தம்பியையும் நான் கொப்பியிலை கீறிக் கீறிப் பாப்பன்.

இனி ராணிக்கு வாறன். ஸ்கூல் லைப்ரரியிலை அரச குடும்பத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் இருந்தது. எனக்கு இங்கிலீசு ஓடாத காலம், படம் பாக்கத்தான் எடுத்தனான். எடுத்தால் வைக்க மனம் வரேல்லை! தங்க வண்டில். கரடித் தொப்பி போட்ட காவல்காரர். முழங்காலிலை நிக்கிற ஒரு மனிசன்ரை தோளிலை ராணி வாளாலை மெல்லத் தொடுறா, முதல் வலது தோள், பிறகு இடது தோள், அவன் எழும்பேக்கை 'சேர்' ஆகிறான். நடுப்பக்கத்திலை பட்டக்காரர் தலையிலை வைக்கிற முடியள். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைக்கவுன்ற், பாரன். டியூக்கின்ரை முடியிலை எட்டு ஸ்ட்ரோபெரி இலை. பாரன்தான் ஆகக் கடைசி, அவனுக்கு இலையுமில்லை ஒண்டுமில்லை, ஆறு வெள்ளிக் குண்டு மட்டும். எனக்கெண்டால் சந்தோசப் புழுகம் தாங்கேலாது. பன்ரண்டாம் வாய்ப்பாடு இண்டைக்கும் எனக்குத் தடக்கும், உது தடக்காது.

பிறகென்ன, பேஸ்மென்ரிலை ஆர் ஆருக்கு என்ன பட்டம் எண்டு நான்தான் முடிவெடுத்தன். வீட்டுக்கார அன்ரி டச்சஸ். மில்லிக்கனிலை வீடு வாங்கி வாசலிலை ரெண்டு கார் விட்டிருந்த அப்பாவின்ரை சிநேகிதர் மார்க்குவிஸ். கச்சேரி அங்கிள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, அகப்பையாலை வலது தோளையும் இடது தோளையும் தொட்டு "எழும்பும், சேர்!" எண்டன். சேட்டு முழுக்கப் பருப்பு. அங்கிள் ஏசேல்லை.

"எங்கடை பாட்டனார் முதலியார் பட்டம் எடுத்தவர், தெரியுமோ? கவர்னர் கையாலை! வாளும் குடுத்தவன் வெள்ளைக்காரன்," எண்டு நெஞ்சை நிமித்தினார்.

"வாள் இப்ப எங்கை, அங்கிள்?"

"அது... கறள் பிடிச்சுப் போச்சு."

அப்பா மூலையிலை இருந்து வாய்விட்டுச் சிரிச்சார். அந்த வருசம் அவர் சிரிச்ச நாளை விரல்விட்டு எண்ணலாம்.

அந்தச் சிரிப்பும் ஃபோம் வந்த அண்டையோடை நிண்டுபோச்சு. அப்பாவை அகதியா ஏற்றாச்சு, இனி மனுசியைக் கூப்பிடலாம், குடும்ப விபரத்தை எழுதி அனுப்பு எண்டு இமிக்கிரேசன்காரர் அனுப்பின ஃபோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கச்சேரி அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையிலை இருந்தார். நான் திரைச்சீலைக்கு இஞ்சாலை கட்டிலிலை புத்தகத்தோடை. அவைக்கு நான் இருக்கிற ஞாபகமே இல்லை.

"ஐசே, முதல் எழுதிக் குடுத்த பேப்பரிலை மனுசியும் ஒரு மகளும் எண்டுதானே கிடக்கு. இப்ப போய்ப் புதுப் பேர் ஒண்டைச் செருகினால் ஃபைல் அடியிலை போகும். நான் காலம் முழுக்க ஃபைலோடை சீவிச்சவன். முதல் மனுசி வரட்டும். பெடியனைத் தமக்கைக்காரி பாப்பாதானே. பிறகு வேறை ஃபோம் போட்டு எடுக்கலாம்."

"பிறகு எடுக்கலாம்தானே, அண்ணை?"

"ஏன் எடுக்கேலாது? சொந்தப் பிள்ளை!"

அப்பா உடனை எழுத விடேல்லை. ரெண்டு நாள் இரவிலை மேலை அன்ரி வீட்டு ஃபோனுக்குப் போய்ப் போய் வந்திட்டு, மூண்டாம் நாள்தான் "அப்பிடியே எழுதுங்கோ" எண்டார். பிள்ளையள் எண்ட இடத்திலை என்ரை பேர் மட்டும்.

எனக்கு வந்த கொதியை என்னெண்டு சொல்ல! பெத்த பிள்ளையைப் பேப்பரிலை விட்டிட்டு எழுதுறதாம்! என்ரை புத்தகத்திலை ஏர்லின்ரை மூண்டாம் மகன்ரை நாலாம் பிள்ளைக்கும் கோடு போட்டுப் பேர் எழுதிக் கிடக்கு. பிறந்த அண்டைக்கே செத்த பிள்ளையளின்ரை பேரும் கிடக்கு. பட்டம் இருந்தால் ஒருத்தராலும் பேரை விடேலாது. அந்த வயசிலை எனக்கு விளங்கின சட்டம் அதுதான்.

மே மாசம் ராணியின்ரை பிறந்தநாளெண்டு ஒரு லீவு வரும், தெரியும்தானே. அதுக்கு முதல் கிழமை ரீச்சர் எங்கள் எல்லாரையும் ராணிக்கு வாழ்த்து எழுதச் சொன்னா. மற்றப் பிள்ளையள் உங்கடை நாய்க்குட்டியள் சுகமோ எண்டு எழுதிச்சுதுகள். நான் எழுதினது இதுதான், தமிழிலை சொல்லுறன்:

"மாட்சிமை தங்கிய மகாராணி அவர்களுக்கு. எனக்கு ஒரு குட்டித் தம்பி இருக்கிறான். நான் அவனை இன்னும் காணேல்லை. அப்பா அவன்ரை பேரை ஃபோமிலை எழுதேல்லை. நீங்கள் அவனைப் பாரன் ஆக்கினால் எழுதத்தான் வேணும். டியூக் வேண்டாம், அது உங்கடை பிள்ளையளுக்கு. பாரன் காணும். அவன் சின்ன ஆள்."

கீழை ஆறு குண்டு வைச்ச முடி ஒண்டு கீறினன். முடிக்குக் கீழை ஒரு வாயும் நாடியும்.

ரீச்சர் அதை நிண்டபடி வாசிச்சா. பிறகு கதிரையிலை இருந்து திரும்ப வாசிச்சா. பிழை திருத்துவா எண்டு பாத்தன், ஒரு எழுத்தும் திருத்தேல்லை. "உன்ரையைத் தனியா அனுப்புவம்" எண்டு வேறை கவர் எடுத்து, எங்கடை வீட்டு அட்ரசை என்னைக்கொண்டே எழுதுவிச்சா. இப்ப யோசிச்சால், அந்த மனிசி அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம். ஆனா எங்கடை ஆக்களோடை என்னெண்டு கதைக்கிறதெண்டு அவவுக்கும் அப்ப தெரியாது. லண்டனுக்கு எழுதுறது அவவுக்குச் சுகமாத் தெரிஞ்சிருக்கு.

கோடை முழுக்க நான் பேஸ்மென்ற் யன்னலடியிலை. அதாலை ஆக்களின்ரை காலுகள்தான் தெரியும். போஸ்ற்காரன்ரை சப்பாத்து எனக்கு நல்ல பழக்கம், இடது சப்பாத்தின்ரை லேஸ் நெடுக அவிண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலை மேலை போய் அன்ரி வீட்டு ஃபோனிலை அம்மாவோடை கதைப்பம்.

"தம்பி என்ன செய்யிறான்?"

"தவழுறான். கதவடியிலை போய் நிக்கிறான்."

பாரன் தவழுறார் எண்டு நினைச்சு எனக்குள்ளை சிரிப்பு. ரகசியத்தை மட்டும் விடேல்லை. பட்டம் வரட்டும், ஒரேயடியாச் சொல்லுவம் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

வந்திட்டுது! ஸ்கூல் திரும்பத் தொடங்கி ரெண்டு கிழமை. அன்ரி படியிலை நிண்டு போட்ட சத்தத்திலை வீடு பத்தியெரியுதெண்டு நினைச்சன்.

"யேசுவே! அரண்மனையிலையிருந்து! உன்ரை பேருக்கடி!"

தடிச்ச, பால் நிறக் கவர். பின்பக்கம் சிவப்பிலை முடிச் சின்னம், தடவினால் விரலிலை முட்டும். அன்ரி ஈரக்கையை உடுப்பிலை துடைச்சுப்போட்டு, அதை ரெண்டு கையாலையும் ஏந்திக்கொண்டு போய் மாதா சொரூபத்துக்குப் பக்கத்திலை வைச்சு மெழுகுதிரி கொளுத்திப்போட்டா. மில்லிக்கன் மார்க்குவிசுக்கும் உடனை ஃபோன். எனக்கோ உடைச்சுப் பாக்கக் கை துடிக்குது. "சும்மா இரடி, கிழிச்சுப்போடுவாய், கச்சேரியார் வந்து வடிவா வெட்டட்டும்" எண்டு அவ கிட்டவும் விடேல்லை.

அங்கிள் வந்தார். கை கழுவினார், கத்தியாலை வெட்டினார், எழும்பி நிண்டு வாசிச்சார். ராணி தன்ரை கையாலை பதில் எழுதுறேல்லை. லேடி-இன்-வெயிற்றிங் எண்டு கூடவே நிக்கிற பெரிய இடத்து மனிசி ஒராள் இருப்பா, பிள்ளையளின்ரை கடிதத்துக்கெல்லாம் அவதான் எழுதுவா. அது அவையின்ரை வழக்கம்.

"'மகாராணியார் உமக்கு நன்றி சொல்லும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறா.' கேட்டியளோ!" அங்கிள் கண்ணாடியை ஏத்திவிட்டார். "'நீர் கீறின முடியை மகாராணியார் ரசிச்சுப் பாத்தா. குண்டுகளின்ரை கணக்குச் சரி.'"

நான் கதிரைக்கு மேலை ஏறித் துள்ளினன். அப்பாவும் வாய் திறந்தபடி பாத்துக்கொண்டு நிண்டார்.

"'குழந்தையளுக்குப் பாரன் பட்டம் குடுக்கிற வழக்கம் இல்லையெண்டதைத் தெரிவிக்க வேண்டியிருக்கு. ஆனா நீர் இன்னும் காணாத உம்முடைய குட்டித் தம்பி...'"

அங்கிள் நிப்பாட்டினார். மிச்சத்தைத் தனக்குள்ளை வாசிச்சார். பேயறைஞ்ச மாதிரி அப்பாவைப் பாத்தார்.

"ஐசே, உம்மடை மகள் ராணிக்கே முறைப்பாடு எழுதிப் பெட்டிசம் போட்டிருக்கிறாள்."

அவர் அந்தத் தாளை மேலையும் கீழையும் பிரட்டி, 'பிரதி: குடிவரவு அதிகாரி' எண்டு எங்கையாவது கிடக்கோ எண்டு தேடினார். கச்சேரியிலை ஒரு கடிதம் வெளிக்கிட்டால் நாலு பேருக்குப் பிரதி போகுமாம். "இந்த நாட்டுக்கும் அவதானே ராணி? அப்ப இமிக்கிரேசன் ஒஃபிஸ் ஆற்றை? அவவின்ரை! இந்நேரம் எங்கடை ஃபைலிலை ஏறியிருக்கும்."

"அப்ப நல்லதெல்லே?" எண்டா அன்ரி. "ராணி சொன்னால் ரெண்டு பேரையும் விடுவினம்தானே?"

"அக்கா, சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடங்குடுக்கமாட்டான். ராணி இரங்குவா. கவுண்டரிலை இருக்கிறவன் 'ஏன் பொய் எழுதினாய்' எண்டுதான் கேப்பான்."

அப்பா எனக்கு அடிக்கேல்லை. அடிச்சிருந்தால் நல்லது. "கொம்மா வாறதை நீயே கெடுத்துப்போட்டாய்" எண்டார், அவ்வளவுதான். கடிதத்தை மடிச்சு அரிசி வாளிக்குள்ளை ஆழத் தாட்டார். அந்த வடிவான கவர் அரிசிக்குள்ளை! நான் அடுத்தநாளே எடுத்துப்போட்டன். அரிசி கழுவிப் போடுறது என்ரை வேலை, அந்தரத்திலை அப்பா அதை மறந்திட்டார். மிச்ச வரியளை டிக்சனரியை வைச்சு நானே வாசிச்சன். நீரும் தம்பியும் கெதியிலை ஒண்டாயிருக்க வேணுமெண்டு மகாராணியார் விரும்புறா எண்டு கிடந்தது.

முதல் ஸ்னோ கொட்டின கிழமை அப்பாவை இன்ரவியூவுக்குக் கூப்பிட்டினம். கச்சேரி அங்கிளுக்கு லீவு குடுக்கேல்லை. அப்பாவின்ரை இங்கிலீசு குசினிக்குள்ளை மட்டும்தான் ஓடும். அதாலை மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவை கேக்கிறதை எனக்குச் சொல்லு, நான் சொல்லுறதை அவைக்குச் சொல்லு. கூட்டாதை, குறைக்காதை," எண்டார் பஸ்ஸிலை.

"ஓமப்பா."

கோட்டுக்குள்ளை நெஞ்சோடை கடிதம். ஏன் கொண்டுபோனனெண்டு எனக்கே தெரியாது. காட்டுற யோசினை இருந்ததெண்டு சொன்னால் பொய். வீட்டிலை விட்டிட்டு வர ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளை போனால் சுவரிலை ராணி! நீலப் பட்டி குறுக்காலை போட்டு, பெரிய முடி வைச்சு, நேரா என்னைப் பாத்துக்கொண்டு. மேசையிலை இருந்த ஒஃபிசர் மனிசிக்குத் தடிமன், மூக்கைத் துடைச்சுத் துடைச்சுத்தான் கேள்வி கேட்டா. பேர், கலியாணம் கட்டின இடம், அம்மா இருக்கிற இடம். நான் டக்குடக்கெண்டு சொல்லிக்கொண்டு வாறன். நல்ல கெட்டிக்காரி எண்டு என்னைப் பாத்துச் சிரிச்சா.

"இந்த மகளைத் தவிர வேறை பிள்ளையள் இருக்கினமோ? இஞ்சையோ, வேறை எந்த நாட்டிலையோ?"

நான் தமிழிலை கேட்டன். அப்பா என்னைப் பாக்காமல் மேசையைப் பாத்து, "இல்லையெண்டு சொல்லு" எண்டார்.

'நோ' எண்டது எவ்வளவு சின்னச் சொல்லு. எனக்கு வரேல்லை. சுவரிலை நிக்கிறவவுக்குத் தம்பி இருக்கிறது தெரியும். தெரிஞ்ச மனிசிக்கு முன்னாலை என்னெண்டு இல்லையெண்டிறது? ஒஃபிசர் பேனையைப் பிடிச்சபடி காத்துக்கொண்டிருக்கிறா. நான் கோட்டைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையிலை வைச்சன்.

"எடடி! அதை எடு!" அப்பாவின்ரை குரல் எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி வந்தது.

ஒஃபிசர் கவரைத் திறந்தா. ரெண்டு அரிசி மணி மேசையிலை விழுந்துது. வாசிச்சா. எழும்பிப் போய் வேறை ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து, ரெண்டு பேருமா வாசிச்சினம். சிரிப்பினம் எண்டு பயந்தன், சிரிக்கேல்லை. அவ அப்பாவுக்கு நேரை குனிஞ்சு, ஆறுதலா, "இந்தப் பிள்ளை இருக்குதோ?" எண்டா. எனக்கு மொழிபெயர்க்கத் தேவை வரேல்லை.

அப்பா ரெண்டு கையையும் விரிச்சு, இவ்வளவு எண்டு தம்பியின்ரை அளவைக் காட்டப் பாத்தார். எவ்வளவெண்டு அவருக்குத் தெரியாது. கை அப்பிடியே நிண்டுபோச்சு. "ஐ ஹாவ் சன்," எண்டார், பிறகு விக்கி விக்கி அழுதார். ஐயோ, அப்பா அழுது நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

ஒஃபிசர் ஃபோமைத் திருப்பி வைச்சுப் பேனையைக் குடுத்தா. அப்பா தம்பியின்ரை பேரை இங்கிலீசிலை கோணல்மாணலா எழுதினார். அந்த மனிசி பிறகு என்னைப் பாத்து, "நான் சொல்லுறதை அப்பாவுக்குச் சரியாச் சொல்லவேணும்" எண்டா.

நான் சொன்னன். "அப்பா, இண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு சொல்லி, தம்பியின்ரை பேர் இல்லாமல் அம்மா வந்து இறங்கியிருந்தால், பிறகு தம்பியை ஒருநாளும் கூப்பிட ஏலாமல் போயிருக்குமாம்."

அப்பாவுக்கு உடனை விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லெண்டார். சொன்னன்.

கடிதத்தையும் கவரையும் போட்டோக்கொப்பி எடுக்கக் கொண்டுபோன ஒஃபிசர், அவசரத்திலை அசலை ஃபைலுக்குள்ளை வைச்சு, கொப்பியை எங்கடை கையிலை தந்திட்டா. பஸ்ஸிலை வரேக்கைதான் கண்டம். சின்னத்தைத் தடவினால் விரலிலை ஒண்டும் முட்டேல்லை. திரும்பிப் போய்க் கேக்க அப்பாவுக்குத் தெம்பில்லை. இறங்கிற இடத்திலை எனக்கு ஒரு டோனற் வாங்கித் தந்தார், தான் தின்னேல்லை.

"கச்சேரி அண்ணைக்குச் சொல்லிப்போடாதை," எண்டார். "பாவம், நல்லதுக்கெண்டுதான் சொன்னவர். நொந்துபோவார்."

அங்கிள் சொன்னதிலையும் பொய்யில்லை, ஃபைல் அடியிலைதான் போச்சு. அம்மாவும் தம்பியும் வந்துசேர அடுத்த வருசமும் முடியப்போச்சு. எயர்போட்டிலை நான் கையை நீட்ட, அவன் என்ரை மூஞ்சையைப் பாத்து அழுது குழறினான் பாருங்கோ ஒரு குழறல்! எனக்கு அதுவும் சந்தோசம்தான்.

அண்டையிலையிருந்து இந்தக் கதையிலை நான்தான் வீராங்கனை. கலியாணவீடு, பிறந்தநாள், எங்கை போனாலும் எடுத்துவிடுவன். தம்பிக்கும் சொல்லிச் சொல்லியே வளத்தன். அப்பா இருக்குமட்டும் அவரைக் குத்தாமல் விட்டதில்லை. "நீங்கள் விட்டிட்டு வரப் பாத்த பிள்ளைதான் இண்டைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகுது" எண்டுவன். சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவன், எண்டாலும் குத்துக் குத்துத்தானே. அவர் ஒருநாளும் வாய் திறக்கேல்லை.

அப்பா போய்க் கொஞ்ச வருசத்துக்குப் பிறகு, புது ராசாவுக்கு முடிசூட்டினதை மல்வேர்னிலை என்ரை வீட்டிலை ரீவியிலை பாத்துக்கொண்டிருந்தம். விடியக்காலமை, அம்மாவும் நானும் மட்டும், மடியிலை தேத்தண்ணி. எனக்கு ஒன்பது வயசுப் புழுகம் திரும்பி வந்திட்டுது! அம்மா, உதுதான் வாள், உதுதான் செங்கோல், உந்தக் கிழவன் ஒரு ஏர்ல் எண்டு ஓயாமல் அலட்டிக்கொண்டிருக்கிறன். அலட்டலோடை அலட்டலா, "அப்பா இருந்திருந்தால், தம்பியின்ரை பேரை விட்டதுக்கு இப்பவும் நல்லாக் குடுத்திருப்பன்" எண்டன்.

அம்மா தேத்தண்ணியைக் கீழை வைச்சா.

"கொப்பர் அதைத் தனிய முடிவெடுக்கேல்லை, பிள்ளை. என்னைக் கேட்டவர். நான்தான் அவனை விட்டிட்டு வாறன் எண்டனான்."

நான் ரீவியின்ரை சத்தத்தைக் குறைச்சன். "ஏனம்மா?"

"அவனைப் பாக்க அக்கா இருந்தா. நீ பொம்பிளைப் பிள்ளை, ஒன்பது வயசு. கொப்பர் வேலைக்குப் போனால் அந்தப் பேஸ்மென்ரிலை உனக்கு ஆர் இருந்தது? எனக்கு ஒரு நாள் நித்திரையில்லை. ரெண்டிலை ஒண்டுதான் எண்டால் எனக்கு நீதான் வேணுமெண்டு இருந்தது." தேத்தண்ணியைத் திரும்பக் கையிலை எடுத்தா. "மகளுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ, பெத்த பிள்ளையை விட்டிட்டு வந்தவள் எண்டு என்னைப் பேசுவாள் எண்டு கொப்பரிட்டைக் கேட்டனான். சாகுமட்டும் சொல்லேல்லை, பார்."

ரீவியிலை முடியை வைச்சாச்சு. எல்லாரும் எழும்பி நிண்டு, அரசர் வாழ்க எண்டு வாய் அசைக்கினம். எத்தினை வருசம், எத்தினை ஆக்களுக்கு முன்னாலை அந்த மனிசனைக் குத்தினன். ஒருக்கா மன்னிப்புக் கேக்க இப்ப அப்பா இல்லை.